திருமலைப் பழைய மாணவர் சங்கங்களே, கிற்றாரின் நாட்டைக் கேட்காதீர்கள்

திருகோணமலைப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களுக்கும், இங்குள்ள பாடசாலை அபிவிருத்திச் சங்கங்களுக்கும், பாடகர் குழுவுக்கு வாத்தியம் வாங்கிக் கொடுக்கும் தேவாலயப் பங்குச் சபைகளுக்கும் வணக்கம்.

நான் உவர்மலையில் பிள்ளைகளுக்குக் கிற்றார் படிப்பிக்கிறேன், பழுதானவற்றைத் திருத்தியும் கொடுக்கிறேன். லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டு ஊர்ப் பிள்ளைகளை மறக்காமல் காசு சேர்க்கிற அண்ணாமார், அக்காமார் எல்லோர் மேலும் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கிற்றார் வாங்குகிற விசயத்தில் உங்களில் பலர் முதலாவதாகக் கேட்கிற கேள்வி பிழையானது. "இது எந்த நாட்டில் செய்தது?" அமெரிக்கா என்றால் சந்தோசம். ஜப்பான் என்றால் சரி. இந்தோனேசியா, சீனா என்றால், "அதுகள் வேண்டாம் தம்பி, பிள்ளைகளுக்கு நல்லதாகக் கொடுப்போம்." நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இங்கே ஒரு பாடசாலையில் அந்த நல்ல மனதால் என்ன நடந்தது என்றால், ஒரு வகுப்புக்கே கிற்றார் வாங்கக்கூடிய காசில் ஒரேயொரு அமெரிக்கக் கிற்றார் வந்தது, அது விலை கூடிய சாமான் என்று அதிபரின் அறையில் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டப்பட்டது, மேலைத்தேய சங்கீதம் படிக்கிற பிள்ளைகள் அதைப் பரிசளிப்பு விழாவில் மட்டும்தான் பார்க்கிறார்கள்.

நாட்டின் பெயரை வைத்துத் தரம் பார்க்கிற பழக்கம் எங்கேயிருந்து வந்தது என்று கொஞ்சம் பாருங்கள். ஜப்பானையே எடுங்கள். 1960களில் ஜப்பான் கிற்றார் என்றால் மேற்கு நாடுகளில் மலிவுச் சாமான். அடுத்த பத்து வருடத்துக்குள் அந்த ஜப்பான் கம்பனிகள் அமெரிக்கக் கம்பனிகளான ஃபென்டரையும் கிப்சனையும் பார்த்து அவ்வளவு நேர்த்தியாகச் செய்யத் தொடங்கிவிட்டன, கடைசியில் 1977இல் கிப்சனின் தாய்க் கம்பனியான நோர்லின், இபனேஸ் என்ற ஜப்பான் கிற்றார்களை அமெரிக்காவில் விற்ற கம்பனி மேல், கிற்றாரின் தலைப்பகுதி வடிவத்தைப் பிரதி செய்ததாக வழக்கே போட்டது. 1982இல் ஃபென்டர் தானே ஜப்பானுக்குப் போனது. மட்சுமோட்டோ நகரத்து ஃபியூஜிஜென் தொழிற்சாலையில் தன் பெயரிலும் ஸ்குவயர் என்ற மலிவுப் பெயரிலும் கிற்றார் செய்வித்தது. அந்த முதல் ஸ்குவயர்களை இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

பிறகு ஏன் வேலை ஜப்பானை விட்டுப் போனது? அங்கே செய்தது பழுதாகிப் போனதால் இல்லை. 1985 செப்டம்பரில் நியூயோர்க் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாடுகள் கூடி டொலரின் பெறுமதியை இறக்க உடன்பட்டன, ஏறக்குறைய 240 யென்னாக இருந்த டொலர் இரண்டு மூன்று வருடத்துக்குள் கிட்டத்தட்டப் பாதியானது, ஜப்பானில் செய்கிற எல்லாச் சாமானும் அமெரிக்கக் கடையில் விலை ஏறிவிட்டது. வேலை தென்கொரியாவுக்குப் போனது. 1987க்குப் பிறகு கொரியத் தொழிலாளர் போராடிக் கூலியை உயர்த்தினார்கள், அவர்களுக்கு அது நல்லது, கம்பனிகள் இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் போயின. கோர்ட் கிற்றார்களைச் செய்கிற கொரியக் கம்பனியே இந்தோனேசியாவின் சுரபாயாவில் பெரிய தொழிற்சாலை வைத்திருக்கிறது, அமெரிக்காவின் பிஆர்எஸ் கம்பனி தன்னுடைய எஸ்இ வரிசையில் பெரும்பாலானவற்றை இன்றைக்கு அங்கேதான் செய்விக்கிறது. யமஹாவும் இந்தோனேசியாவிலும் சீனாவிலும் தன் சொந்தத் தொழிற்சாலைகளில் செய்கிறது. இந்த வரலாறு முழுக்கக் கூலியும் நாணய மாற்றும்தான். டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறிய 2022ஐக் கண்ட நமக்கு நாணயம் ஒரு சாமானின் விலையை என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

லண்டன் மார்க்ஸ் அன்ட் ஸ்பென்சரில் நீங்கள் வாங்குகிற உடுப்பின் உள்பக்கச் சீட்டை ஒருக்கால் பாருங்கள், இலங்கையில் தைத்தது என்று இருந்தாலும் இருக்கும். நம்முடைய பெண்பிள்ளைகள் காமன்ட் தொழிற்சாலையில் நின்று தைத்தது. அதை யாராவது "சிலோன் சாமான், வேண்டாம்" என்று தள்ளினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? தையலைப் பார், துணியைப் பார் என்றுதானே சொல்வீர்கள். சுரபாயாவில் கிற்றாரின் கழுத்தில் ஃபிரெட் என்ற உலோகக் கோடுகளை அடிக்கிற பெண்ணுக்கும் அதே நியாயம்தான்.

இன்னொரு விசயம். ஃபென்டரின் அமெரிக்கத் தொழிற்சாலை கலிபோர்னியாவின் கொரோனாவில் இருக்கிறது, மெக்சிக்கோத் தொழிற்சாலை 1987இல் தொடங்கிய என்செனடாவில். இரண்டுக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ இங்கேயிருந்து கொழும்புக்குப் போகிற தூரம்தான். டெய்லர் என்ற அமெரிக்கக் கம்பனிக்கு இன்னும் கிட்ட, எல் கஹோனிலிருந்து எல்லை தாண்டினால் டெக்காடே, அங்கேதான் அவர்களுடைய 100, 200 வரிசைகளும் ஜிஎஸ் மினியும் செய்யப்படுகின்றன. மார்ட்டின் 1833இல் தொடங்கிய கம்பனி, பென்சில்வேனியாவின் நாசரேத்தில் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள், அதன் எக்ஸ் வரிசையும் லிட்டில் மார்ட்டினும் மெக்சிக்கோவின் நவோஹோவாவில் இருந்துதான் வருகின்றன. ஆகவே பெயரைப் பார்த்து "மார்ட்டின் என்றால் அமெரிக்கா" என்று நினைத்து நீங்கள் அனுப்பியவற்றில் மெக்சிக்கோக் கிற்றாரும் இருந்திருக்கலாம். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை, நல்ல வாத்தியம்தான்.

அமெரிக்காவில் செய்தது எல்லாம் ஒரே தரம் என்றும் நினைக்காதீர்கள். 1965இல் சிபிஎஸ் என்ற ஒலிபரப்புக் கம்பனி ஃபென்டரை வாங்கிய பிறகு, முக்கியமாக 70களின் பின்பாதியில், நெக் என்ற கழுத்தும் உடலும் சரியாகப் பொருந்தாத, பாரம் கூடிய கிற்றார்கள் பல வெளியே வந்தன. நோர்லினின் கையில் இருந்த காலத்துக் கிப்சனைப் பற்றியும் வாசிக்கிறவர்கள் இதையே சொல்வார்கள். 1985இல் ஃபென்டரை அதன் ஊழியர்களும் முதலீட்டாளர்களும் சேர்ந்து திரும்ப வாங்கினார்கள், 1986இல் கிப்சன் கைமாறியது, அதற்குப் பிறகுதான் இரண்டும் நிமிர்ந்தன. நாடு மாறவில்லை. கொடியும் மாறவில்லை. எவ்வளவு காசு செலவழித்து எவ்வளவு கவனமாகச் செய்வது என்று தீர்மானிக்கிற ஆட்கள் மாறினார்கள், அவ்வளவுதான்.

அப்புறம், ஒரு கிற்றாருக்கு நாடு என்று ஒன்று உண்டா என்பதே எனக்குக் கேள்வி. ஒரு "அமெரிக்க" அக்கூஸ்டிக்கை, அதாவது மின் இணைப்பு தேவையில்லாத மரக் கிற்றாரை, கழற்றிப் பாருங்கள். முதுகும் பக்கமும் பலவற்றில் தென்னிந்தியாவிலிருந்து போன ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோமே, அது. விரல் பலகை கருங்காலி, டெய்லர் 2011இலிருந்து ஒரு ஸ்பானியக் கம்பனியோடு சேர்ந்து கமரூனின் யவுண்டேயில் ஒரு கருங்காலி ஆலையை நடத்துகிறது. முறுக்காணிகள் ஜெர்மனியிலோ தாய்வானிலோ கொரியாவிலோ செய்தவை. உலகத்தின் மிக நல்ல கருங்காலிகளில் ஒன்று நம்முடைய உலர்வலயக் காட்டு மரம், இன்று அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது, வெட்டக்கூடாது, அப்படியே இருக்கட்டும். நான் சொல்ல வந்தது, மரங்கள் எத்தனையோ நாட்டிலிருந்து வந்து சேர்கின்றன, உள்ளே ஒட்டியிருக்கிற சீட்டில் கடைசியாகப் பூட்டிய இடம் மட்டும் எழுதப்படுகிறது.

மரமும்கூட நாம் நினைக்கிற அளவு பேசுவதில்லை. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டார்கள். ஒரே கைவினைஞர் ஒரே அளவில் ஆறு கிற்றார் செய்தார், முதுகு மரமும் பக்க மரமும் மட்டும் வேறு வேறு, விலை கூடிய பிரேசில் ரோஸ்வுட்டிலிருந்து மலிவான மரம் வரை. 52 பேர் கண்ணை மறைத்துக்கொண்டு வாசித்தார்கள். எந்த மரத்தையும் அவர்கள் திட்டமாக மேலே தூக்கி வைக்கவில்லை, எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு புள்ளிதான் விழுந்தது. டெய்லர் கம்பனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பொப் டெய்லர் 1995இல் சாமான் ஏற்றுகிற பழைய ஓக் பலட்டைப் பிரித்து, முன்பலகைக்குக் கட்டட வேலைக்கு வந்த ஒரு சட்டத்தை அறுத்து, ஒரு கிற்றார் செய்து கண்காட்சியிலேயே வைத்தார். அது நன்றாகவே ஒலித்தது. செய்கிறவருக்கு வேலை தெரிந்திருந்தால் போதும் என்பதைக் காட்டத்தான் அவர் அதைச் செய்தார்.

சரி, நாட்டுக்கும் தரத்துக்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் இல்லை. ஒரு கம்பனி எந்த வரிசையை எங்கே செய்விப்பது என்று விலையை வைத்துத் தீர்மானிக்கிறது. கூலி குறைந்த இடத்தில் மலிவு வரிசையைச் செய்விக்கும்போது, மரத்தை அறுப்பதும் ஃபிரெட் வெட்டு வெட்டுவதும் எல்லா இடத்திலும் கணினி இயந்திரம்தான், அதில் கலிபோர்னியா, சுரபாயா என்ற வித்தியாசம் இல்லை. ஃபிரெட் இருக்க வேண்டிய இடம் கணக்கு, கணக்குக்கு ஊர் இல்லை. கை வேலைதான் குறைக்கப்படுகிறது. ஃபிரெட்டின் நுனியை உரஞ்சி மழமழப்பாக்க ஒதுக்குகிற நிமிடங்கள், தலைப்பக்கம் இருக்கிற நட்டில் கம்பி இருக்கிற வெட்டை எவ்வளவு ஆழமாக அரம் போடுவது, கடைசியாக ஒருவர் எடுத்து வாசித்துப் பார்ப்பது, மின் கிற்றார் என்றால் உள்ளே போடுகிற சுவிட்சும் வயரும். இவைதான் மலிவுக் கிற்றாரில் விடுபடுபவை. இவை எல்லாமே பிறகு சரி செய்யக்கூடியவை, இதே திருகோணமலையில், ஒரு மேசையும் அரமும் நல்ல வெளிச்சமும் இருந்தால் சரி செய்யக்கூடியவை. நெக் முறுகியிருந்தால் நான் ஒன்றும் செய்ய முடியாது, அப்படிப்பட்ட கிற்றாரை வாங்கக்கூடாது, அது எந்த நாட்டுச் சீட்டோடு வந்தாலும்.

இப்போது நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பிள்ளைகள் கிற்றாரை விட்டுவிட்டுப் போவது இதால்தான். கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையில் இருக்கிற உயரம், அக்‌ஷன் என்போம். இரும்புக் கம்பி போட்ட அக்கூஸ்டிக்கில் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் தடித்த கம்பிக்குக் கீழே 2.5 மில்லிமீற்றருக்குக் கிட்ட இருந்தால் ஒரு பிள்ளை சுகமாக அழுத்தும். பெட்டியிலிருந்து எடுத்தபடியே வகுப்புக்கு வருகிற கிற்றார்களில் பலதில் இது 4 மில்லிமீற்றரையும் தாண்டி நிற்கிறது. பத்து வயதுப் பிள்ளை விரல் சிவக்கச் சிவக்க அழுத்தும், சத்தம் வராது, எஃப் கோர்ட் என்ற கஷ்டமான பிடியில் வந்து நிற்கும், வீட்டில் "உனக்கு இது சரிவராது" என்பார்கள், பிள்ளையும் நம்பிவிடும். அந்தப் பிள்ளைக்குக் கை இருந்தது, காது இருந்தது. கம்பிதான் உயரத்தில் நின்றது. நெக்குக்குள் இருக்கிற ட்ரஸ் ரொட் என்ற இரும்புக் கோலைக் கொஞ்சம் திருப்பி, முன்பலகையில் கம்பி கட்டுகிற பிரிட்ஜில் கம்பியைத் தாங்குகிற சாடிலை உரஞ்சி, நட்டை அரம் போட்டால் அரை நாள் வேலை. இதைச் செய்யாத அமெரிக்கக் கிற்றாரை விடச் செய்த இந்தோனேசியக் கிற்றார் பிள்ளைக்கு எவ்வளவோ மேல். இதை நான் யாரோடும் வாதாடத் தயார்.

அடுத்தது நம்முடைய காற்று. கிற்றார்க் கம்பனிகள் 45 தொடக்கம் 55 வீதம் ஈரப்பதத்தில் கிற்றாரை வைக்கச் சொல்கின்றன. திருகோணமலையில் அது எங்கே கிடைக்கும்? ஒக்டோபரில் மழை தொடங்கினால் ஜனவரி வரை வீட்டுக்குள் உடுப்பே காயாது, மரம் ஈரத்தைக் குடித்து முன்பலகை வயிறு தள்ளும், அதோடு கம்பியும் உயரும். கரோல் பாடுகிற காலம் சரியாக அதுதான், பங்குகளிலிருந்து "சுருதி நிற்குதில்லை" என்று கிற்றாரைத் தூக்கிக்கொண்டு வருவதும் அப்போதுதான். பிறகு மே, ஜூனில் கச்சான் காற்று வந்து எல்லாவற்றையும் உலர்த்தும். இடையில் கடலின் உப்பு. டச்சுக்குடாப் பக்கமோ உப்புவெளியிலோ இருக்கிற பிள்ளையின் கம்பி உள்வீதிகளில் இருப்பதை விடக் கெதியில் துரு ஏறும், உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் சீசனுக்கு வாசிக்கிற பெடியன்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

ரொறன்ரோவிலிருந்து வருகிற கிற்றாருக்கு இது இன்னும் கஷ்டம். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்ட வீட்டில் மரம் நன்றாகக் காய்ந்து இருக்கும், டிசம்பர் லீவுக்கு நீங்கள் கையோடு கொண்டுவந்து இறக்குகிற நேரம் இங்கே அடைமழை. விலை கூடிய கிற்றாரின் முன்பலகை ஒரே மரத் துண்டில் அறுத்தது, ஒலி நன்றாக இருக்கும், ஆனால் காற்று மாறினால் அது கூடுதலாக அசையும். மலிவுக் கிற்றாரின் முன்பலகை ஒட்டுப்பலகை, ஒலி கொஞ்சம் குறைவு, ஆனால் ஈரத்துக்கும் வெயிலுக்கும் நின்று பிடிக்கும். இரும்புக் கம்பிகள் ஆறும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேலான இழுவையை அந்தப் பலகை மேல் எந்நேரமும் போட்டுக்கொண்டிருக்கின்றன என்பதையும் நினையுங்கள். குளிரூட்டி இல்லாத வகுப்பறையில், பல கைகள் மாறுகிற, சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிற கிற்றாருக்கு ஒட்டுப்பலகைதான் பொருத்தம். யமஹா எஃப்310 என்ற இந்தோனேசியக் கிற்றார் அப்படிப்பட்டது, உலகம் முழுக்கத் தொடக்க மாணவர்கள் கையில் இருப்பது. சின்னப் பிள்ளைகளுக்கு நைலோன் கம்பி போட்ட சி40, இன்னும் சின்னக் கைகளுக்கு அதைவிடச் சின்ன அளவு. நைலோனின் இழுவை இரும்புக் கம்பியின் பாதியளவுதான், விரலுக்கும் சுகம், துருவும் பிடிக்காது.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஸ்ட்ராட் என்ற ஃபென்டரின் மின் கிற்றார், அமெரிக்காவில் செய்த ஒன்றின் விலைக்கு ஐந்து ஸ்குவயர் வாங்கலாம், ஐந்தை வாங்குங்கள், அல்லது நான்கை வாங்கிவிட்டு ஐந்தாவதின் காசை ஊரில் விட்டு வையுங்கள். அந்தக் காசுதான் நெக்கையும் கம்பி உயரத்தையும் சரிசெய்கிற செட்டப்புக்கும், மாற்றுக் கம்பிக்கும், தடித்த பைக்கும், பைக்குள் போடுகிற ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுக்கும் போக வேண்டும். உங்கள் கணக்கறிக்கையில் "கிற்றார்" என்று ஒரு வரி வருகிறது, "பராமரிப்பு" என்று ஒரு வரி இதுவரைக்கும் நான் கண்டதில்லை. கிற்றார் கொடுத்த நாளில் படம் எடுக்கிறீர்கள், நல்லது, மற்ற வருடம் அதே கிற்றாரில் நான்கு கம்பிதான் இருக்கிறது.

கடையில் வாங்குகிறவர் யாராக இருந்தாலும், நாட்டுச் சீட்டைப் பார்க்க முதல் நெக்கின் நேரைப் பார்க்கட்டும், ஒவ்வொரு ஃபிரெட்டிலும் ஒவ்வொரு கம்பியையும் அழுத்திக் கேட்கட்டும், கம்பி உயரத்தை அடிமட்டம் வைத்து அளக்கட்டும், பிரிட்ஜின் பின்பக்கம் கடதாசித் துண்டு நுழைகிறதா என்று பார்க்கட்டும், நுழைந்தால் ஒட்டு விடுகிறது என்று அர்த்தம். பழைய கிற்றார் என்றாலும் இவை சரியாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். வான் வண்டிக்குள் வெயிலில் விட வேண்டாம் என்று கொண்டுவருகிறவருக்குச் சொல்லுங்கள், சூட்டில் ஒட்டு இளகும். அமெரிக்கப் பெயர் போட்டு நம்பமுடியாத மலிவு விலையில் யாராவது தந்தால் தொடவே வேண்டாம், போலிக் கிப்சனும் போலி ஃபென்டரும் எல்லா நாட்டிலும் சுற்றுகின்றன, நாட்டுப் பெயருக்கு மயங்குகிறவர்களைத்தான் அவை தேடி வருகின்றன.

அதிபர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். அலுமாரிக்குள் இருப்பதை வெளியே எடுங்கள். வாசிக்காத கிற்றார் பூட்டிய அறையிலேயே பழுதாகும், இங்கத்தைய ஈரத்துக்கு இன்னும் கெதியில்.

ஒவ்வொரு பாடசாலையிலும் இரண்டு மூன்று பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் கம்பி மாற்றவும் அக்‌ஷன் இறக்கவும் நான் பழக்கித் தருகிறேன், கிண்ணியா, மூதூர்ப் பாடசாலைகள் என்றாலும் வருவேன். அதற்கு ஒரு நட்டு அரத் தொகுதியும், ட்ரஸ் ரொட் சாவிகளும், இரும்பு அடிமட்டமும் தேவை, இவற்றை இங்கே எடுப்பது கஷ்டம், லண்டனில் லேசாகக் கிடைக்கும், வருகிறவர் ஒருவர் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தால் போதும்.

அடுத்த பட்டியலைத் தீர்மானிக்க முதல் கிற்றாரின் மாதிரிப் பெயரை எனக்கோ, ஊரில் கிற்றார் தெரிந்த வேறு எவருக்கோ அனுப்பிக் கேளுங்கள். பாடசாலைக்கும் பங்குக்கும் வருகிற கிற்றார்களுக்கு முதல் செட்டப்பை நான் கூலி இல்லாமல் செய்து தருகிறேன், கம்பிக் காசை மட்டும் பாருங்கள். ஒக்டோபருக்கு முதல் வந்து சேர்ந்தால் மழைக்கு முன்னரே எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிடலாம்.

அன்புடன்,
உவர்மலையிலிருந்து ஒரு கிற்றார் ஆசிரியர்